நெல் பூக்கிற அந்த ஒரு மணித்தியாலம்

(வெக்கை பற்றிய கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவரின் பதில்கள்)

வட்டக்கச்சியிலிருந்து: அண்ணை, சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறைவில்லை, பசளையும் போட்டேன். ஆனால் கதிர் நிமிர்ந்தே நிற்கிறது, பாதி சப்பி, உள்ளே மணியே இல்லை. மருந்து அடிக்கவா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. கதிரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். முழுவதும் வெளுத்து, இலேசாகக் கழன்று வந்தால் அது தண்டு துளைப்பான் புழுவின் வேலை. அப்படி இல்லையென்றால் வெக்கையாக இருக்கலாம்.

நெல் பூ காலையில் விரிந்து ஒரு மணித்தியாலம் அளவில் மூடிவிடும். அந்த நேரம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் போகும், மணி பிடிக்காது. பிறகு எதைப் போட்டும் பயனில்லை. மூன்று மாத நெல் விதைத்து ஏறக்குறைய 60 நாளில் பூக்கும். அதனால் குளத்துக் கூட்டத்தில் விதைப்புத் திகதி பேசும்போது, பூக்கிற கிழமை எந்த வெயிலில் விழும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தண்ணீர் திறக்கிற நாளை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எனக்குப் பெரிய கவலை.

நெடுங்கேணியிலிருந்து: இரவும் புழுங்குகிறதே, அதுவும் பயிரைப் பாதிக்குமா?

பாதிக்கும். பகலில் சேர்த்த மாப்பொருளை இரவுச் சூட்டில் பயிர் சுவாசித்தே செலவழிக்கும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்து வயல்களில், கோடைப்போகத்தின் இரவு வெப்பம் 1 பாகை கூடும்போது விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததை 2004 இல் வெளியிட்டார்கள்.

கனடாவிலிருந்து: இது நெல்லுக்கு மட்டும்தானா?

இல்லை. 2022 மார்ச்சில் வட இந்தியாவில் கோதுமை பால் பிடிக்கும் நேரத்தில் கடும் வெயில் அடித்தது. மணி சுருங்கி விளைச்சல் குறைந்தது, மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியையே நிறுத்தியது.

புளியங்குளத்திலிருந்து: ஐயா, இவர் மத்தியானத்திலும் கச்சான் பிடுங்கப் போகிறார். தலையிடி என்கிறார், சொன்னால் கேட்கமாட்டார்.

தங்கச்சி, இதைத்தான் அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். விடிய ஐந்தரைக்குத் தொடங்கி பத்து மணிக்கு நிறுத்தட்டும், மிச்சம் பின்னேரம். தாகம் எடுக்கும் வரை இருக்காமல் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ குடிக்கவேண்டும். காற்றில் ஈரம் கூடிய நாளில் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. அப்படிப்பட்ட நாளில் நிழலில் நின்றாலும் கவனம்.

பேச்சுத் தடுமாறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது தலையிடி அல்ல, உயிராபத்து. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றவேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை ஒருவர் அழைக்கட்டும். அது வரும்வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.