டைல்ஸ் கழுவும் ஆசிட் பட்டு மங்கிப்போன கார் பெயிண்டை, மறுபடி பெயிண்ட் அடிக்காமல் சரிசெய்ய முடியுமா?

குளச்சல் அருகே வசிக்கும் நீங்கள், போர் தண்ணீரில் கழுவிக் கழுவிப் பானட்டில் படிந்த வெள்ளைப் புள்ளிகளைப் போக்குவதற்காகக் குளியலறை டைல்ஸ் கழுவும் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைத்ததாகவும், மறுநாள் அடர்சாம்பல் நிறப் பானட்டில் மங்கிய திட்டுகளும் முகப்பு விளக்குகளை நோக்கி வழிந்த கோடுகளும் தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பானட் முழுவதற்கும் புதிதாகப் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்களாம். அது உண்மையா என்று கேட்கிறீர்கள். தக்கலைப் பக்கம் பெயிண்டிங் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் என் பதில் இது: இப்படி வருகிற பல வண்டிகளுக்குப் பெயிண்ட் தேவைப்படுவதில்லை. உங்கள் வண்டியும் அந்த வகைதானா என்பதை நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன்; ஆனால் நீங்களே வீட்டு முற்றத்தில் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

தொழிற்சாலைப் பெயிண்ட் ஒரே பூச்சு அன்று. தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். மொத்தத் தடிமனே ஏறத்தாழ 100 முதல் 130 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான்). அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான் வரை. பளபளப்பைத் தருவதும் வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்த மெல்லிய மேற்படலமே. டைல்ஸ் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. சுவரில் வழியாமல் ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்காக அவற்றைச் சற்றுக் கெட்டியாகவும் தயாரிக்கிறார்கள். உடனே கழுவிவிட்டால் நல்ல நிலையில் உள்ள கிளியர் கோட் பெரும்பாலும் தப்பித்துவிடும். வெயிலில் சூடேறிய பானட்டில் அது காயும்போதுதான் கேடு வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகப் போக, மிஞ்சி நிற்கும் அமிலம் செறிவடைந்து, மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் வெளுப்பு பெரும்பாலும் அந்தச் சொரசொரப்பில் ஒளி சிதறுவதால் தெரிவதே தவிர, நிறம் போனதால் அன்று.

ஆகவே முதலில் நிழலில் நிறுத்தி, மங்கிய திட்டின்மேல் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். நனைந்திருக்கும் வரை திட்டு மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால், அரிப்பு கிளியர் கோட்டின் மேற்பரப்போடு நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். நனைந்த நிலையிலும் அந்த இடம் வேறு நிறமாகத் தெரிந்தால் நிறப்பூச்சு வரை போயிருக்கக்கூடும். அடுத்து, திட்டின் விளிம்பில் விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் பள்ளம் ஆழமானது, பாலிஷ் மட்டும் போதாது. கடைசியாக, வெள்ளைத் துணியில் துளி கம்பவுண்ட் (பாலிஷைவிடக் கரடான தேய்ப்புப் பசை) எடுத்து ஓர் ஓரத்தில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் இறங்கினால், மெட்டாலிக் (நிறத்தில் மின்னும் உலோகத் துகள் கலந்த) வண்டியைப் பொறுத்தவரை அங்கே கிளியர் கோட் மிச்சமில்லை என்று பொருள். அத்துடன் கையை எடுத்துவிட வேண்டும்.

இந்தச் சோதனைகளுக்கு முன்பே, இன்றைக்கே, செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பானட்டைத் திறந்து, கீல், ஓரமடிப்பு, கண்ணாடியடி வலைத்தட்டு ஆகிய இடங்களில் நல்ல தண்ணீரை நிதானமாக ஓடவிடுங்கள். அமிலம் விட்டுச்செல்லும் குளோரைடு தகட்டின் மடிப்புகளில் தங்கினால் துருவை அழைத்துவரும். கடற்காற்றின் உப்பு ஏற்கெனவே படிந்துகொண்டிருக்கும் குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கத்து வண்டிகளுக்கு இது கூடுதல் ஆபத்து. கழுவியபின் கார் ஷாம்பூ போதும், சோப்புத்தூள் வேண்டாம்.

தண்ணீர்ச் சோதனையில் திட்டு மறைந்தது என்றால், பாலிஷில் தொடங்கச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பிலேயே கரடான கம்பவுண்டைப் போட்டு, ரோட்டரி மெஷினை முழு வேகத்தில் ஓட்டுவது நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிளியர் கோட் திரும்ப வளராது. எவ்வளவு குறைவாக எடுத்து வேலையை முடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. மென்மையான பேடில் பாலிஷ் வைத்து, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும் தேய்த்துப் பார்த்து, போதவில்லை என்றால்தான் கம்பவுண்டுக்கு ஏற வேண்டும். அதிலும் போகாத கோடுகளுக்கு மட்டும் 2500 அல்லது 3000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கட்டையில் சுற்றி, சில இழுப்புகள் தேய்த்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். வழித்தெடுத்த நீர் பால்போல வெள்ளையாக இருக்கும் வரை தேய்வது கிளியர் கோட். அதில் நிறம் கலந்தால் எல்லை தாண்டியாயிற்று. பானட்டின் விளிம்பிலும் நடுமடிப்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பெயிண்ட் மெல்லியதாக இருக்கும் அந்த இடங்கள்தான் மெஷினில் முதலில் எரியும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூடு அங்கேயே தங்கும். அதைக் கையால் செய்வது மேல். ஒரு கோடு பத்துப் பங்கில் ஒன்பது பங்கு மறைந்துவிட்டால், மிச்சத்தை அப்படியே விட்டுவிடும்படி வாடிக்கையாளர்களிடம் நான் சொல்வதுண்டு. சிலருக்கு அது பிடிப்பதில்லை.

நகம் தடுக்கி, நிறமும் போயிருந்தால் பட்டறைக்காரர் சொன்னதே சரி. அப்போது திட்டுக்கு மட்டும் கிளியர் அடித்து நடுவில் கலந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த விளிம்பு நாளடைவில் தெரியும், உரியவும் செய்யும். நிறத்தை உள்ளடங்கக் கலந்து, கிளியரைப் பானட் முழுவதற்கும் அடிப்பதே முறை. கதவுத் தூணிலோ பானட்டின் அடியிலோ ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டைப் பார்த்துக் கலக்கினாலும், மெட்டாலிக் சாம்பலில் சாயல் மாறும். தனித் தகட்டில் அடித்துக் காட்டச் சொல்லி, வெயிலில் வைத்து ஒப்பிடுங்கள். ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் திறந்த கொட்டகையில் அடித்தால் காற்றின் ஈரத்தால் கிளியர் கோட் பால்பூத்துப் போகலாம், குமிழும் விழலாம். பூத் (பெயிண்ட் அடிப்பதற்கான மூடிய அறை) உள்ள இடம் பாருங்கள், இல்லையேல் மழை விடும் வரை பொறுங்கள். அடித்தபின் ஏறத்தாழ ஒரு மாதம் வாக்ஸ் போட வேண்டாம்.

போர் தண்ணீர்ப் புள்ளி இனிமேலும் வரத்தான் செய்யும். அது பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், சூடில்லாத பானட்டில் துணியால் ஒற்றி, ஒரு நிமிடத்துக்குள் கழுவினால் புதிய புள்ளிகள் கரைந்துவிடும். விளக்கருகே உள்ள குரோம் பட்டையும் பால்நிறமாகியிருந்தால், அதற்குப் பாலிஷ் போட்டுப் பார்த்து நேரத்தைச் செலவழிக்காமல், புதிய பட்டை வாங்கி மாட்டிவிடுங்கள்.