விரிசலைத் தானே மூடும் கான்கிரீட்

கேள்வி: கான்கிரீட் தன் விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஹென்க் யோங்கர்ஸ் செய்துகாட்டியது இது. உறக்கநிலையில் உள்ள பாசில்லஸ் பாக்டீரிய வித்துகளையும், அவற்றுக்கு உணவாகக் கால்சியம் லாக்டேட்டையும் கலவையில் சேர்க்கிறார்கள். விரிசல் வழியே நீரும் காற்றும் நுழைந்ததும் பாக்டீரியா விழித்து, உணவைச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றி அடைக்கிறது. சுமார் 0.8 மில்லிமீட்டர் அகலம் வரை மூடிவிடும். கொஞ்சம்தானே என்று எண்ணாதீர்கள்! நீர் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால், துரு பருத்துக் கான்கிரீட்டையே பிளந்துவிடும். பாலங்களிலும் நீர்த்தொட்டிகளிலும் நான் சோதித்த சேதங்களில் பல இப்படி மயிரிழை விரிசலில் தொடங்கியவைதான். ஆனால், சுமை தாங்காமல் பிளந்த தூணுக்கு இது மருந்தல்ல. அங்கே பொறியாளரைத்தான் உடனே அழைக்க வேண்டும்.