புற்றின் மேல் நிற்பதும் புல்லில் நிற்பதும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்தால் கரட்டு ஓரத்திலும் ஓடைக்கரையிலும் காளான் முளைக்கும். என் அப்பத்தா பார்த்த மாத்திரத்தில் இது ஆகும், இது ஆகாது என்று பிரித்துவிடுவார். இப்போது அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடிவதில்லை. இவ்வாண்டு நான் தனியே சென்று கண்ட ஒரு காளானின் படத்தை இணைத்துள்ளேன். இதை உண்ணலாமா? வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, அணில் கடித்திருந்தால் நல்லது என்கிறார்களே, அது உண்மையா? எங்கள் தென்னந்தோப்பின் எருக்குவியலில் முளைக்கும் நாய்க்குடைகளை நோய் என்று கருதி அப்பா மிதித்து அழித்துவிடுகிறார். அது சரிதானா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் படத்துக்கான பதில்: உண்ண வேண்டாம். நீங்கள் மேலிருந்து படம் எடுத்திருக்கிறீர்கள். உள்ளங்கை அகல வெண்குடை, நடுவில் பழுப்புத் திட்டு, அதைச் சுற்றிச் சிதறிய செதில்கள், பக்கத்தில் அறுகம்புல் ஆகியவை மட்டுமே எனக்குத் தெரிகின்றன. குடையின் அடியில் மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கும் செவுள்கள் என்ன நிறம், தண்டில் வளையம் உண்டா, தண்டு மண்ணுக்குள் எப்படி முடிகிறது, அது எதன் மேல் நிற்கிறது என்னும் நான்கு கேள்விகளுக்கும் படத்தில் விடை இல்லை. அந்த நான்கும் தெரியாமல் உண்ணலாம் என்று சொல்பவர் எவராயினும் அவர் சொல்லை நம்பாதீர்கள்.

எனக்குள்ள ஐயத்தையும் சொல்லிவிடுகிறேன். மழைக்குப் பின் புல்தரையில் இதே தோற்றத்தில் முளைக்கும் காளான் ஒன்று வெப்பநாடுகள் எங்கும் உண்டு. குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இளமையில் அதன் செவுள்கள் நல்ல காளானுடையவை போலவே வெள்ளையாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருமுனைப் புல்லில் இப்படியொன்றைப் பார்த்து, குடையை மட்டும் வெட்டி எடுத்துவந்து, செவுள்கள் கீழ்நோக்கியிருக்கும்படி ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, கண்ணாடித் தம்ளரால் மூடிவிட்டுத் தூங்கினேன். காலையில் தம்ளரை எடுத்துக் குடையைத் தூக்கியபோது, தாளில் சக்கரத்தின் ஆரங்கள் போலக் கோடு கோடாக வித்துத்துகள் படிந்திருந்தது; அதன் நிறம் மங்கிய பச்சை. அந்தப் பச்சைதான் அதன் கையெழுத்து. உண்டவருக்கு ஓரிரு மணி நேரத்திலிருந்தே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கிவிடும். உங்கள் படத்திலுள்ளதும் அதுதானா என்பதை இந்த ஓரிரவுச் சோதனை பெருமளவு காட்டிவிடும். ஆனால் இச்சோதனை ஒரு காளானை விலக்கத்தான் உதவும். பச்சை இல்லை என்பதாலேயே எதுவும் உணவாகிவிடாது.

உங்கள் அப்பத்தா பறித்தது பெரும்பாலும் புற்றுக்காளானாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அதன் அடையாளமும் இயற்கையில் அதன் வேலையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. குடையின் உச்சி கூம்பிக் கருத்திருக்கும். மண்ணைத் துளைத்து மேலே வருவதற்கான முனை அது. தண்டைப் பிடித்து இழுத்தால் முறிந்துவிடும். ஒரு குச்சியால் பக்கத்து மண்ணை மெல்ல அகற்றிக்கொண்டே போனால், வெண்தண்டு வேர்போல் மெலிந்து, சில இடங்களில் முழங்கை ஆழத்துக்கும் கீழே இறங்குவதைக் காணலாம். அது முடியும் இடத்தில் கறையான்களின் தோட்டம் இருக்கும்: சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், அக்ரூட் பருப்பின் மடிப்புகளைப் போன்ற மடிப்புகளோடு கைக்கு லேசான ஒரு கூடு, அதன் மேல் குண்டூசித் தலையளவு வெண்மணிகள்.

கறையான்கள் சருகையும் காய்ந்த புல்லையும் பட்டமரத்தையும் தின்று, பாதி செரித்த நிலையில் அந்தக் கூட்டின் மேல் கழித்துவைக்கின்றன. மரத்துக்கு இறுக்கம் தரும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைப்பது அவற்றுக்குக் கடினம். மேலே காளானாகத் தலைகாட்டும் பூஞ்சையின் இழைகள் அந்த வேலையைச் செய்கின்றன. பூஞ்சை பக்குவப்படுத்திய கூட்டையும் அந்த வெண்மணிகளையும் கறையான்கள் பிறகு உண்கின்றன. இந்தக் கூட்டு வேளாண்மை ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்தப் பூஞ்சைப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசஸ் என்று 1942-இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜே எய்ம். நம் முன்னோரின் கண்ணுக்கும் கறையானும் காளானும் சேர்ந்தே பட்டிருக்கின்றன. வறுமைப்பட்ட வீட்டின் அடுக்களையைக் காட்டும் சிறுபாணாற்றுப்படை, சிதல் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளாம்பி பூத்திருப்பதைச் சொல்கிறது. சிதல் என்பது கறையான், ஆம்பி என்பது காளான்.

மழைக்குப் பின் விளக்கைச் சுற்றி வரும் ஈசல்களை நினைத்துப் பாருங்கள். அவை புதுக் குடும்பம் தொடங்கப் புறப்பட்ட கறையான்களே. சிறகுதிர்த்த இணை மண்ணுக்குள் புகுந்து குஞ்சு வளர்க்கிறது. ஆனால் பெரும்பாலான இனங்களில் அந்த இணை பூஞ்சையைத் தன்னோடு கொண்டுவருவதில்லை. முதல் தலைமுறை வேலைக்காரக் கறையான்கள் வெளியே வந்து இரை தேடும்போது, மலர்ந்து முதிர்ந்த புற்றுக்காளான்கள் உதிர்த்த வித்துகளும் அந்த இரையோடு புதுப்புற்றுக்குள் செல்கின்றன. ஒரு கரட்டில் நின்ற காளான்களையெல்லாம் மொட்டோடு வழித்தெடுத்துவிட்டால், புதுப்புற்றுகளுக்குப் பூஞ்சை எங்கிருந்து கிடைக்கும்? பறிப்பவர்கள் பாதியையாவது விரிந்து முதிரும்படி விட்டுவர வேண்டும், கடப்பாரையால் புற்றை இடிக்கவே கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே 2 என்னும் பால்காளான் வகையை வைக்கோல் இருந்தால் வீட்டிலேயே வளர்க்கலாம். புற்றுக்காளான் அப்படி வளர்வதில்லை. அதற்குக் கறையான் வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், வேர்போல் நீண்ட தண்டை மட்டும் கண்டு நம்பிவிடாதீர்கள். புதைந்த கட்டையிலிருந்து எழும் வேறு சில காளான்களுக்கும் அப்படிப்பட்ட தண்டு உண்டு. கூம்பிய உச்சி, முதிர்ந்தபின் இளஞ்சிவப்புச் சாயல் ஏறும் செவுள்கள், தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை இல்லாமை, அடியில் புற்று என எல்லாமே ஒத்துவர வேண்டும். அடியில் கிண்ணமும் மேலே வளையமும் வெள்ளைச் செவுள்களும் ஒருங்கே இருந்தால் தொடாமல் வந்துவிடுங்கள். அமானிட்டா இனத்தின் கொடிய நஞ்சுக்காளான்களுக்குரிய அடையாளம் அது. அவற்றில் பெரும்பாலானவை மரவேர்களோடு உறவு கொண்டவை. வேருக்கு நீரும் உப்புகளும் சேர்த்துக் கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரை பெறுகின்றன. காட்டுக்கு அவை வேண்டும், நம் இலைக்கு அல்ல.

வெள்ளிக் கரண்டிச் சோதனை முற்றிலும் பொய். காளானின் நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. மஞ்சளோ பூண்டோ போட்டு நிறம் பார்ப்பதும் அதைப் போன்றதே. அணிலும் நத்தையும் தின்று உயிரோடிருப்பது அவற்றின் உடலைப் பற்றிய செய்தி, நம் உடலைப் பற்றியதன்று. அமானிட்டாவின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் உலர்த்தினாலும் அழிவதில்லை. உண்டு 6 மணி நேரத்துக்கும் மேலாக ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வரும். மறுநாள் குணமானது போலத் தோன்றும். அந்த இடைவெளியில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் உண்டு 13 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். ஐயம் எழுந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல், மிஞ்சிய காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உங்கள் அப்பாவிடம் எருக்குவியல் காளான்களை விட்டுவிடச் சொல்லுங்கள். வைக்கோலையும் சாணத்தையும் சிதைத்துத் தென்னைக்கு உரமாக்கும் இழைகளின் கனிகள் அவை. மேலே தெரிவதை மிதித்தாலும் இழைகள் குவியலுக்குள் தம் வேலையைத் தொடரவே செய்யும். அவர் கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி: தென்னையின் தூரை ஒட்டி, மெருகு பூசியது போன்ற செம்பழுப்புத் தட்டுகள் தோன்றினால், தூரிலிருந்து செந்நிறச் சாறு கசிந்தால், அது கானோடெர்மா பூஞ்சையின் அடித்தண்டழுகல் நோய். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் பெற்றது அதுவே. அப்படிப்பட்ட மரத்தைக் கண்டால் உடனே வேளாண் அலுவலரை அழையுங்கள்.

அடுத்த மழைக்குப் பின் நீங்கள் காணும் காளான் ஒன்றைத் தண்டின் அடிவரை தோண்டி, அடிமண்ணோடு ஓர் இலையில் வைத்து, அப்பத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் முதலில் எதைத் தொட்டுப் பார்க்கிறார், எதை முகர்கிறார், எங்கே நின்றது என்று கேட்கிறாரா என்பதையெல்லாம் அவர் சொற்களிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.