ஆண்டறிக்கை: துறைகளின் கணக்கும் ஸ்கோபஸ் கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை?

வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையாகத் துறைகள் தந்ததையோ, ஸ்கோபஸ் (ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் தரவுத்தளம்) காட்டுவதையோ அப்படியே போடாதீர்கள். டி.ஓ.ஐ. எண்ணை (ஒரு கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் தனி எண்) வைத்து, ஒரு கட்டுரையை ஒரு முறை மட்டும் எண்ணுங்கள்.

துறைகளின் கூட்டுத்தொகை கூடுதலாக இருப்பதற்குப் பெரும்பாலும் கூட்டுக் கட்டுரைகளே காரணம். இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து எழுதியதை இரு துறைகளும் தத்தம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். யாரும் விட்டுத்தர மாட்டார்கள். டிசம்பரில் இணையத்தில் வெளியாகி மார்ச் இதழில் அச்சேறியது இரண்டு ஆண்டுகளிலும் தலைகாட்டும். எந்தத் தேதியைக் கொள்வது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

எல்லாப் பட்டியல்களையும் ஒரே எக்செல் தாளில் ஒட்டி, டி.ஓ.ஐ. பத்தியை வரிசைப்படுத்திப் பாருங்கள். சிலர் முழு இணைய முகவரியாகத் தந்திருப்பார்கள், '10.' என்று தொடங்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நூல்கள் பலவற்றுக்கு டி.ஓ.ஐ. இருக்காது, அவற்றைக் கண்ணால்தான் சரிபார்க்க வேண்டும். விண்ணப்பித்த நிலையிலுள்ள காப்புரிமைகள் அடுத்த ஆண்டு இலக்குகளில் இருக்கட்டும், சாதனைகளில் வேண்டாம்.