மூலம், பௌத்திரம்: அறுவைச் சிகிச்சையும் மயக்க மருந்தும்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. லாரி ஓட்டுகிறார். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆசனவாய்க்கு அருகே இரண்டு முறை கட்டி வந்து உடைந்தது. இப்போது பௌத்திரம் (ஆசனவாய்க்கு உள்ளிருந்து வெளித்தோல்வரை புரை ஓடிய பாதை) என்று சொல்லி அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். முதுகில் ஊசி போடுவார்களாம். அதைப் போட்டுக்கொண்டால் ஆயுளுக்கும் இடுப்புவலி தீராது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். முழு மயக்கமே கொடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: முதுகில் போடும் ஊசியால் தீராத இடுப்புவலி வரும் என்பது ஆய்வுகளில் நிறுவப்படாத அச்சம். குத்திய இடத்தில் சில நாள்கள் வலி இருந்து மறையும். ஆண்டுக்கணக்கில் லாரி இருக்கையில் அமர்ந்தவருக்கு இடுப்புவலி முன்பே இருந்திருக்கும். பழி மட்டும் ஊசியின்மேல் விழும். உண்மையில் கேட்க வேண்டியது தலைவலியைப் பற்றித்தான். எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் அந்தத் தலைவலி சிலருக்கு வருவதுண்டு. பென்சில் முனை போன்ற நுனி கொண்ட மெல்லிய ஊசியைப் பயன்படுத்துமிடத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

உங்கள் கணவருக்கு வயிறுவரை மரத்துப்போகத் தேவையில்லை. உட்கார்ந்த நிலையிலேயே, முதுகுத்தண்டு நீரைவிடக் கனமான மருந்தைக் குறைந்த அளவில் செலுத்தி, சில நிமிடங்கள் அப்படியே உட்கார வைத்தால், மருந்து கீழே இறங்கி, உட்காரும் பகுதி மட்டும் மரத்துவிடும். சேடில் பிளாக் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த முறையில் இரத்த அழுத்தம் அதிகம் இறங்காது. கால்களுக்கும் விரைவில் வலு திரும்பும். முழு மயக்கம் தவறானதன்று. இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கும் முதுகில் புண் உள்ளவர்களுக்கும் அதுவே ஏற்றது. ஆனால் ஆசனவாயை விரிக்கும்போது உடல் காட்டும் எதிர்வினை கடுமையானது. மயக்கம் போதிய ஆழத்தில் இல்லாவிட்டால் குரல்வளை இறுகிக்கொள்ளக்கூடும். நாடித்துடிப்பும் சட்டென்று குறையக்கூடும். சின்ன ஆபரேஷன்தானே என்று மயக்கத்தை மேலோட்டமாகக் கொடுப்பது இதனால்தான் ஆபத்து.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. அவர் விழுங்கும் மாத்திரைகள் அத்தனையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, மயக்கவியல் மருத்துவரிடம் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை மாத்திரைகளை அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் பட்டினியில், சர்க்கரை அளவு சரியாகக் காட்டும்போதே, இரத்தத்தில் அமிலம் கூடிவிடக்கூடும். இரத்தத்தை இளக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையைப் பற்றியும் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் அதைத் தாமாக நிறுத்துவது மூலத்தைவிடப் பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்வதாகும்.

திட உணவை 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும்; வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்வரை குடிக்கலாம். நம் பக்கத்தில் விடியற்காலை டீ இல்லாமல் பொழுது விடியாது. பால் சேர்த்த டீ தண்ணீர்க் கணக்கில் வராது, உணவுக் கணக்கில்தான் வரும். நெடுநாள் சர்க்கரை நோயில் இரைப்பை மெதுவாகவே காலியாகும் என்பதால் இதில் உங்கள் கணவருக்குச் சலுகையே கிடையாது.

அறுவை மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: புரை ஓடும் பாதை, மலத்தை அடக்கும் சுருக்குத் தசையில் எவ்வளவைக் கடந்து போகிறது? கொஞ்சமாக இருந்தால் பாதையைத் திறந்துவிடுவது எளிய, நல்ல தீர்வு. அதிகமாக இருந்தால் அப்படித் திறப்பது மலத்தை அடக்கும் சக்தியையே பறித்துவிடலாம். அப்போது நூல் கட்டி வைப்பது, தசைகளுக்கிடையே பாதையைக் கட்டித் துண்டிக்கும் லிஃப்ட் முறை, மருந்து பூசிய நூலைக் கட்டும் ஆயுர்வேதத்தின் க்ஷாரசூத்திரம் எனத் தசையைக் காக்கும் வழிகளை ஆராய வேண்டும். இருமுறை கட்டி வந்தவர் என்பதால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்றும் கேட்கலாம்.

கேள்வி: எனக்கு மூல அறுவைச் சிகிச்சை நடந்த அன்றிரவு சிறுநீர் வராமல் குழாய் போட்டார்கள். மருத்துவர்கள் ஏதேனும் தவறு செய்துவிட்டார்களா? அடுத்த மாதம் என் தம்பிக்கும் இதே சிகிச்சை.
(வாசகர், பல்லடம்)

பதில்: இந்தச் சிகிச்சைக்குப் பின் பலருக்கும் வரும் தொல்லை இது, இதை வைத்து மட்டும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் குறைக்க முடியும். முதுகு ஊசியால் சிறுநீர்ப்பை உணர்வற்றிருக்கும் நேரத்தில் பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றினால், நிறைந்தது தெரியாமலே பை விரிந்து தளர்ந்துவிடுகிறது. 'தெம்புக்கு இன்னொரு பாட்டில் போடுங்க' என்று செவிலியரை வற்புறுத்தும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் அளவோடு இருக்கட்டும். தம்பி சிறுநீர் கழித்துவிட்டு அறுவை அரங்குக்குள் போகட்டும். பிராஸ்டேட் தொல்லை இருந்தால் முன்பே சொல்லட்டும்.

அடக்கப்படாத வலியும் சிறுநீரை நிறுத்தும். மரத்துப்போன உணர்வு திரும்புவதற்குள் வலி மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். வலி வந்தபின் கேட்டு வாங்குவது காலங்கடந்த வேலை. ஆசனவாயைச் சுற்றியுள்ள நரம்புகளில் நெடுநேரம் வேலை செய்யும் மருந்தைப் போட்டுவிட்டால் முதல் இரவு நிம்மதியாகக் கழியும். வீடு திரும்பியதும் வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பவர்கள்தாம் அதிகம் அவதிப்படுகிறார்கள். மலம் இறுகினால் புண் கிழியும். எனவே தண்ணீர், கீரை, கம்பு, முழுக் கொள்ளு எல்லாம் வேண்டும். வடிகட்டிய கொள்ளு ரசத்தில் நார்ச்சத்து அநேகமாக இருக்காது. மருத்துவர் தரும் மலமிளக்கியை வலி குறைந்ததும் நிறுத்திவிடக் கூடாது.

ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள் சிலருக்கு இரத்தம் மீண்டும் பெருகும். சில சொட்டுகளுக்கு அஞ்ச வேண்டாம், கட்டியாகவோ நிற்காமலோ போனால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, சிறுநீர் அடைப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் இரவு என்று பார்க்காமல் கிளம்புங்கள்; அது ஆழத்தில் சீழ் பரவுவதன் அறிகுறியாக இருக்கலாம்.

கேள்வி: 'கத்தியில்லை, ஒரே ஊசியில் மூலம் குணம்' என்று பேருந்து நிலையச் சுவரில் பார்த்தேன். போகலாமா?
(வாசகர், காங்கேயம்)

பதில்: வேண்டாம். தொடக்க நிலை மூலத்துக்கு ஊசி மருந்தும் ரப்பர் வளையமும் முறையான சிகிச்சைகளே. ஆனால் உள்ளே பார்த்து, நிலையைக் கணித்து, தகுதி பெற்றவர் செய்ய வேண்டியவை அவை. ஆழம் தவறிய ஊசியால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அதோடு, மலத்தில் இரத்தம் போவதெல்லாம் மூலம் ஆகிவிடாது. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தாலோ, உடல் இளைத்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருந்தாலோ, பெருங்குடலை உள்நோக்கிப் பார்க்கும் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள்.