பிரசவ அறை நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுப்பதால் உண்மையில் பயன் உண்டா, இல்லை சான்றிதழுக்காக மட்டுமா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ் என்று நினைக்கிறேன். ரெண்டு நாள் பயிற்சிக்கு ஆர்டர் வந்திருக்கும், 'போய் என்ன ஆகப்போகுது' என்று சீனியர் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நான் கோத்தகிரி பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன்.

பயன் உண்டு. ஆனால் எந்தப் பயிற்சி என்று பார்க்க வேண்டும். ஹாலில் உட்கார வைத்து, திரையில் படம் ஓட்டி, மதியச் சாப்பாடு போட்டு அனுப்பினால் பஸ் மலை ஏறுவதற்குள் பாதி மறந்துவிடும். 2009-ல் தொடங்கிய, பிறந்த குழந்தையைக் காப்பாற்றச் சொல்லித்தரும் நவஜாத் சிசு சுரக்ஷா பயிற்சி போல, குழந்தை பொம்மையைக் கையில் கொடுத்துச் செய்யச் சொன்னால் அது கையிலேயே நிற்கும்.

பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் முதல் ஒரு நிமிடத்துக்குள் ஆம்பு பேக் (கையால் பிழிந்து காற்றைச் செலுத்தும் பை) வைத்து மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் பாடமாகத் தெரியும். எங்கள் நிலையத்துக்கே வந்து பயிற்சி கொடுத்த டாக்டர் அம்மா, பொம்மையை வெளியே எடுக்கும் முன்பே, "சிஸ்டர், குழந்தை பிறந்தாச்சு, அழல. பேக் எங்க?" என்றார். பேக் பீரோவில் இருந்தது. சாவி வேறொருவரிடம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் உள்ள பொருள் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பூட்டி வைப்பது பல இடங்களில் உள்ள பழக்கம்தான். அன்றே பேக், குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் பக்கத்துத் தட்டுக்கு வந்தது. அப்புறம் ஒவ்வொரு ஷிஃப்டிலும் மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து, பேக்கைப் பிழிந்து, காற்று கசிகிறதா என்று பார்ப்போம்.

ஒரு ஐப்பசி மழை இரவு. ரோட்டில் மரம் விழுந்து 108 வர வழியில்லை. கொழுந்து பறிக்கும் பெண், தலைப்பிரசவம். குழந்தை துவண்டு வந்தது. துடைத்து, வாயையும் பிறகு மூக்கையும் சக்ஷன் செய்து (சளியை உறிஞ்சி எடுத்து), முதுகைத் தேய்த்தும் அசைவில்லை. பேக் வைத்தேன், மார்பு எழும்பவில்லை. "எழும்பலைன்னா பலமா அமுக்காதீங்க, முதல்ல தலையப் பாருங்க" என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது கைக்கு வந்துவிட்டது. தோளுக்கு அடியில் துணியை மடித்து வைத்து, கழுத்தைச் சற்றே நிமிர்த்தி, மாஸ்க்கை மறுபடி பொருத்தினேன். மார்பு எழும்பியது. பக்கத்தில் நின்ற ஆயா அக்கா "ஸ்குவீஸ், டூ, த்ரீ" என்று தாளம் தவறாமல் எண்ணினார். பயிற்சி ஆர்டரில் அவர் பெயரே கிடையாது. டாக்டர் அம்மாதான் கூப்பிட்டு உட்கார வைத்தார். அதை நான் எங்கு போனாலும் சொல்வேன்.

குழந்தை முதலில் முனகியது, பிறகு வீறிட்டு அழுதது. சீராக மூச்சு வந்த பிறகு, தொப்பி போட்டு அம்மாவின் வெறும் மார்போடு அணைத்துப் படுக்க வைத்துக் கம்பளியால் மூடினோம். இந்தக் குளிரில் குழந்தையின் சூடு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க நேரமே ஆகாது. பாட்டி சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துத் தயாராக நின்றார். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால்தான் என்று அவருக்குப் புரிய வைப்பது தனிப் பாடு. ரோடு சரியானதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம்.

'டாக்டர் வேலையை நர்ஸ் செய்யலாமா' என்று கமெண்டில் வருபவர்களுக்கு: பேக், மாஸ்க் வைத்து மூச்சு கொடுப்பது பிரசவம் பார்க்கும் நர்ஸ் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவதைப் பற்றி நான் பேசவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். சீசனில் மேலே வருபவர்கள் வளைவில் காரை நிறுத்தித் தேயிலைத் தோட்டத்தில் போட்டோ எடுக்கிறார்கள். பின்னால் ஆம்புலன்ஸ் அலறுகிறது. 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, இன்னும் அதே கூத்து. உள்ளே வலியில் ஒரு பெண் இருக்கிறாள் என்று யாருக்காவது தோன்றுகிறதா? பயிற்சி எடுத்த நர்ஸை லேபர் ரூமிலிருந்து தூக்கி ஓ.பி.யில் போடுவதும் எனக்கு அதே அளவுக்கு எரிச்சல்.

சரி, நீங்கள் போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். பொம்மை உங்கள் கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். திரும்பி வந்ததும் உங்கள் லேபர் ரூமில் நிறைமாதக் குழந்தைக்கான ஒன்றாம் நம்பர் மாஸ்க், குறைமாதக் குழந்தைக்கான பூஜ்ஜியம் நம்பர் மாஸ்க் ரெண்டும் இருக்கிறதா, பீரோ சாவி யாரிடம் என்று பாருங்கள்.