கறுப்பாக்கிக் காட்டும் இரும்பு: கேள்வி பதில்

எம்.ஆர்.ஐ. அறையில் பல வருடம் நின்றவன் நான். படத்தில் வித்தியாசம் தெரிவதற்காகப் போடும் இரும்பு ஆக்சைடு நானோதுகள் (மிகமிகச் சின்னத் துகள்) ஊசி பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கான்ட்ராஸ்ட் ஊசி போட்டார்கள். அது இந்த இரும்புதானா?

பெரும்பாலும் இல்லை. வழக்கமாகப் போடுவது கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்து. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். இரும்பு மருந்து கெட்டி டிக்காஷன் நிறம். குப்பியைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: இரும்பு எப்படிப் படத்தைத் தெளிவாக்குகிறது?

படத்தைக் கறுப்பாக்கித்தான்! உடம்பிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒரே தாளத்தில் சுழன்றால் சிக்னல் கிடைக்கும். துகளுக்குப் பக்கத்தில் காந்தப்புலம் கோணலாகிறது, தாளம் தப்புகிறது, சிக்னல் செத்துவிடுகிறது.

கல்லீரலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கூப்ஃபர் செல்கள் என்று துப்புரவுப் பணியாளர்கள் உண்டு. ரத்தத்தில் வரும் துகள்களைப் பிடித்து விழுங்கிவிடும். ஊசிக்கு முன் சாம்பல் நிறத்தில் இருந்த கல்லீரல் பிறகு கரி மாதிரி ஆகிவிடும். வேறு உறுப்பிலிருந்து பரவி வந்த புற்றுக்கட்டியில் கூப்ஃபர் செல் கிடையாது. அது மட்டும் கறுக்காமல், கரிச்சட்டியில் ஒட்டிய சோற்றுப் பருக்கை போல வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மருந்து நோயைத் தொடுவதே இல்லை, சுற்றியிருக்கும் நல்ல சதையைத்தான் தொடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

கேள்வி: அவ்வளவு பெரிய காந்தத்துக்குள் படுத்தால், உள்ளே போன இரும்பை இழுத்துவிடாதா?

எல்லோரும் கேட்பது. இழுக்காது. துகளின் இரும்புக் கரு சில நானோமீட்டர்தான். இவ்வளவு சின்னதாகிவிட்டால் மேக்னடைட் (இந்த இரும்பு ஆக்சைடின் பெயர்), வெளிக்காந்தம் இருக்கும் வரைதான் காந்தமாக இருக்கும். வெளியே வந்தால் சாது. ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மேலே டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பூச்சு வேறு. காந்தத்தின் இழுவை பொருளின் பருமனைப் பொறுத்தது. இரும்பு ஆக்சிஜன் சிலிண்டர் பறந்து போய் ஒட்டிக்கொள்ளும். இந்தத் துகளுக்கோ ரத்தத்தின் தள்ளுமுள்ளே அதைவிடப் பெரிது.

கேள்வி: இவ்வளவு நல்ல மருந்து என்றால் ஏன் கிடைப்பதில்லை?

ஃபெரிடெக்ஸ் என்ற கல்லீரல் இரும்பு ஊசி 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும், சிலருக்கு முதுகுவலி வரும். கல்லீரல் செல்லுக்குள் போகும் கடோலினியம் மருந்து வந்ததும் ஆட்டம் முடிந்தது. சட்டென்று போடலாம், ரத்த ஓட்டத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். தோற்றது அறிவியல் அல்ல, சௌகரியம்தான்.

கேள்வி: அம்மா டயாலிசிஸில் இருக்கிறார். கடோலினியம் கூடாது என்கிறார்களே, இரும்பு போடலாமா?

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோல் இறுகும் நோய் வருவதற்கும் கடோலினியத்துக்கும் தொடர்பு இருப்பது 2006-இல் தெரிய வந்தது. இன்றைய புது வகைகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. எனவே முதலில் எந்த வகை என்று கேளுங்கள். மாற்றாகச் சில இடங்களில் ஃபெருமாக்ஸிடால் கொடுக்கிறார்கள். 2009-இல் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு அனுமதி பெற்ற இரும்பு மருந்து அது. ரத்தத்தில் மணிக்கணக்கில் தங்குவதால் ரத்தக்குழாய்களை நிதானமாகப் படமெடுக்கலாம். ஆனால் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கறுப்புக் கட்டம் கட்டி எச்சரித்தது. குறைந்தது 15 நிமிடம் மெதுவாக ஏற்றி, பிறகு அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று: ரத்தசோகைக்கு இந்த ஊசி போட்டிருந்தால் மூன்று மாதம் வரை எம்.ஆர்.ஐ. படம் மாறித் தெரியலாம். ஸ்கேனுக்கு முன் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். ஒருமுறை ஒருவருடைய கல்லீரல் முழுக்கக் கறுப்பாக வந்து, இரும்புச் சேர்க்கை நோயோ என்று நாங்கள் குழம்பினோம். கடைசியில் போன வாரம் இரும்பு ஏற்றிக்கொண்டேன் என்றார்.

கேள்வி: அப்படியானால் முருங்கைக்கீரை நிறையச் சாப்பிட்டாலும் கல்லீரல் கறுக்குமா?

கறுக்காது, தாராளமாகச் சாப்பிடுங்கள். உணவிலிருந்து எவ்வளவு இரும்பு எடுப்பது என்பதைக் குடல் கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்யும். அடிக்கடி ரத்தம் ஏற்றும் தலசீமியா (பரம்பரை ரத்தநோய்) பிள்ளைகளுக்குத்தான், குடல்வழி வராத இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் படிந்து, ஊசி எதுவும் போடாமலே படம் கறுக்கும். எவ்வளவு வேகமாகச் சிக்னல் சாகிறது என்று அளந்து, எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.